கொட்டகையும் கடனும் ஒன்றாய் வரட்டும்

 

1904ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் பதிவானது. கந்துவட்டிக்கு நிலத்தைப் பறிகொடுத்த உழவனுக்கு, ஊரார் கூடித் தந்த துணை அது. 1992இல் வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், வேளாண்மை, கால்நடை, சிறுபாசனம் உள்ளிட்ட 29 பொருள்களை ஊராட்சிகளுக்கென்று பட்டியலிட்டது. சங்கத்தில் பங்குத்தொகை கட்டியவரும் கிராம சபையில் கை தூக்குபவரும் ஒரே ஆள்தான். அந்த ஒருவருக்காக இந்த இரண்டு அமைப்பும் என்றைக்காவது சேர்ந்து உட்கார்ந்து பேசியதுண்டா?

பேசாததால் என்ன நடக்கிறது? ஒரு சகோதரிக்கு ஊராட்சி மூலம் மாட்டுக் கொட்டகை கிடைக்கிறது. சிமென்ட் தரை, தகரக் கூரை, தீவனத் தொட்டி எல்லாம் தயார். மாடு வாங்கச் சங்கக் கடன் மட்டும் வரவில்லை. கொட்டகையில் விறகு அடுக்கி வைக்கிறார். பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கு மாட்டுக் கடன் வந்துவிட்டது, கொட்டகை இல்லை. ஐப்பசி மழையில் சேற்றிலேயே படுத்த மாட்டுக்கு மடிநோய் வருகிறது. பால் குறைகிறது. தவணை தவறுகிறது. ஏட்டில் அவர் பெயர் 'தவணை தவறியவர்' என்று ஏறுகிறது. இது அவர் குற்றமா தோழர்களே?

ஊராட்சி பயனாளிப் பட்டியல் எழுதும் நாளிலேயே சங்கச் செயலாளரும் அங்கே இருக்கட்டும். சங்கக் கிடங்கை ஒட்டியே ஊராட்சி நெற்களம் போடட்டும். காய்ந்த நெல் அப்படியே கிடங்குக்குப் போனால், அதன்மேல் தானிய ஈட்டுக்கடன் வாங்கலாம். அறுவடை நேரத்தில் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சேர்ந்து வேலை செய்வது வேறு, தலையிடுவது வேறு. சங்கத்தில் இருப்பது ஊராட்சிப் பணம் அல்ல. பேத்தி கல்யாணத்துக்கென்று ஒரு மூதாட்டி போட்டு வைத்த வைப்புத்தொகை. சிபாரிசுக் கடிதத்துக்குக் கடன் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பாது. ஊராட்சி தேவையைச் சொல்லட்டும். கடன் தகுதியைச் சங்கம் தன் விதிப்படி முடிவு செய்யட்டும். ஒரு மனு தள்ளுபடியானால், ஏன் என்று மனுதாரருக்கு எழுத்தில் சொல்லட்டும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது நிதி வேண்டாம். வருகிற ஜனவரி 26 கிராம சபைக்குச் சங்கத்தின் செயலாளரை முறைப்படி அழையுங்கள். கொட்டகைப் பட்டியலையும் கடன் மனுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்கள் முன்னால் வாசியுங்கள். இரண்டில் எதில் யார் பெயர் விட்டுப்போயிற்று என்று ஊரே சொல்லும். அந்தப் பெயர்களைச் சேர்க்காமல் கூட்டத்தை முடிக்க விடாதீர்கள்!