இசைக்குழுக்கள் கலைவது ஏன்?



மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடுகளின் பக்கமாக மாலையில் நடப்போர் தமிழ், சிங்களம், மலாய் ஆகிய மூன்று மொழிகளையும் அடுத்தடுத்த வாசல்களிற் கேட்கலாம். இத்தகைய அயலிலே இசைக்குழு ஒன்று பிறப்பதற்குப் பெரிய முதல் வேண்டுவதில்லை. ஒருவரிடம் கிற்றார் இருக்கும். மற்றொருவர் தாளம் அறிவார். மூன்றாமவருக்குக் குரல்வளம் இருக்கும். ஒரு கலியாணம் வந்தாற் குழுவும் வந்துவிடும். தோன்றுவது எளிது, நிலைப்பதே அரிது.

குழு கலைந்ததென்று கேள்வியுற்றதும், "அவர்களுக்குள் சண்டை" என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். மனத்தாங்கல் இல்லாத குழு உலகில் உண்டோ? மனத்தாங்கலோடு பல்லாண்டு இசைத்தவர்களும் உளர். ஆகவே, காரணத்தைச் சற்று ஆழமாகத் தேடுதல் வேண்டும்.

உலகப் புகழ்பெற்ற பீற்றில்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஒப்பந்தங்களையும் பயணங்களையும் கவனித்து வந்தவர் பிரையன் எப்ஸ்டீன். அவர் மேடையில் ஒரு சுரமும் வாசித்தவரல்லர். 1967இல் அவர் மறைந்தார். அதன்பின் பணப்பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் நால்வரும் உடன்படவில்லை. 1970இல் குழு பிரிந்தது. கற்பனை வற்றியதனால் அன்று. நடுவே நின்று கணக்கையும் கருத்து வேற்றுமையையும் தீர்ப்பதற்கு ஒருவர் இல்லாமையும் அதற்குப் பெருங் காரணமாயிற்று.

நம் நாட்டில் 1960களிலே சிங்கள மெல்லிசைக்குப் புதுமெருகு தந்தது மூன்ஸ்டோன்ஸ் குழு. கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனெஸ்லி மாலேவனவும் அதன் தூண்கள். மெட்டமைத்த கிளாரன்ஸ் பின்னர் விலகிக் கோல்டன் சைம்ஸ் குழுவை அமைத்தார். பாட்டின் ஊற்றாக இருப்பவர் விலகும்போது, பழைய பெயர் ஓரிடத்திலும் ஊற்று வேறிடத்திலுமாகப் போய்விடுகின்றன. இதற்கு மாறாக, 1970களின் தொடக்கத்தில் அன்ரன் பெரேரா தம் புதல்வர்களைக் கொண்டு அமைத்த ஜிப்ஸீஸ் குழு அரை நூற்றாண்டைக் கடந்தது. தந்தையின் சொல்லும் ஒரே வீட்டின் பிணைப்பும் அதற்கு அத்திவாரமாயின. முன்னணிப் பாடகர் சுனில் பெரேரா 2021இல் மறைந்தபோது, ஒரு நாடே வருந்தியது.

ஆயினும், குழுவுக்குள் ஒற்றுமை இருந்தால் மட்டும் போதாது. கேட்போர் கூட்டமும் ஓரிடத்தில் நிலைத்திருத்தல் வேண்டும். ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் கதை இதனை உணர்த்தும். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் புகழ்பெற்றிருந்த 1970களில், வானொலியும் கோயில் திருவிழா மேடைகளும் பள்ளிக்கூட மண்டபங்களும் அவ்விசைக்கு வாழ்வளித்தன. 1983 ஜூலை வன்செயலின் பின் கொழும்புத் தமிழர் பலர் இடம்பெயர்ந்தனர். கடல் கடந்தோரும் பலர். வாத்தியகாரர் ஓர் ஊரில், பாடகர் ஓர் ஊரில், இரசிகர் இன்னோர் ஊரில் என்றானபின் குழு எங்கே கூடும்? நித்தி அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் தமிழகத் திரையுலகிற் புகுந்து, 2018இற் சென்னையிற் காலமானார். அக்காலக் குழுக்கள் பலவற்றை யாரும் கூடியிருந்து கலைக்கவில்லை. அடுத்த ஒத்திகைக்கு நாட்குறிக்க ஆளில்லாமற் போயிற்று, அவ்வளவே.

போர் மட்டுமே காரணம் என்றும் கூறுவதற்கில்லை. ஐவர் செய்த வேலையை ஒருவரே மின்னிசைப் பலகையிற் செய்யும் காலம் வந்தது. கலியாண வீட்டுக்காரர் ஐந்து பேருக்குச் சாப்பாடும் வாகனமும் கூலியும் கொடுப்பதைவிட, ஒருவரை அழைப்பதே சிக்கனம் எனக் கண்டனர். அவர்களைக் குறைகூறுவதும் முறையன்று.

எனினும், ஓர் இழப்பு உண்டு. மாளிகாவத்தை போன்ற இடத்தில் தமிழ்ப் பையனும் மலாய்ப் பையனும் சிங்களப் பையனும் ஒரே தாளத்துக்குக் காத்திருக்கப் பழகும் இடம் அந்த ஒத்திகை அறை. ஒருவன் பிந்தினால் மற்றவர் நிற்பர். ஒருவன் தவறினால் மற்றவர் தாங்குவர். குழு கலையும்போது அந்தப் பழக்கமும் கலைகிறது.

ஆதலால், இன்று குழு தொடங்கும் இளைஞர்களுக்குச் சொல்லத்தக்கவை மூன்று. முதல் நாளே பணக்கணக்கை எல்லாரும் காண எழுதி வையுங்கள். பாட்டு யாருடையது என்பதை நட்பு இருக்கும்போதே பேசித் தீருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பொறுமை தெரிந்த ஒருவரை உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அவருக்குக் கைதட்டல் கிடையாது. ஆயினும், அடுத்த கலியாணத்துக்கும் நீங்கள் ஒன்றாகப் போய் வாசிப்பது பெரும்பாலும் அவரால்தான் இயலும்.