மூன்றாம் படிவத்தில் எடுக்கும் முடிவு



கம்போங் குவாந்தான் என்றதும் பலருக்கு நினைவு வருவது சிலாங்கூர் ஆற்றங்கரையின் மின்மினிகள். நான் பேச வந்தது அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைப் பற்றி. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் நம் வீடுகளில், டாக்டராக வேண்டும் என்று சொல்லாத பிள்ளை குறைவு. எஸ்.பி.எம். முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெற்றோர் இருந்துவிடுகிறோம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மூன்றாம் படிவம் முடிந்து நான்காம் படிவத்துக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

இப்போது மாணவர்கள் பாடங்களைத் தொகுப்பாக எடுக்கிறார்கள். அறிவியல் தொகுப்பு என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில தொகுப்புகளில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் இருக்கும், உயிரியல் இருக்காது. அப்படிப் படித்தவர் பொறியியலுக்குப் போகலாம். மருத்துவத்துக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் வேண்டும். கணிதமோ கூடுதல் கணிதமோ வேண்டும். இன்னொரு பாடமும் வேண்டும்.

அந்த ஐந்திலும் மலேசிய மருத்துவ மன்றம் எதிர்பார்ப்பது குறைந்தது 'பி'. "எல்லாத்துலயும் கிரெடிட் எடுத்துட்டான்" என்று மகிழ்கிறோமே, கிரெடிட் 'சி'யிலேயே தொடங்கிவிடும். மருத்துவத்துக்கு அது போதாது.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு செலவு குறைந்த முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று மெட்ரிகுலேஷன். அதில் 90 விழுக்காட்டு இடம் பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும் என்ற ஒதுக்கீடு நம் பிள்ளைகளை எவ்வளவு அழவைத்திருக்கிறது! 10 ஏ, அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் எட்டு ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளையின் கவலை அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது வழியான எஸ்.டி.பி.எம்.மை நான் துணிந்து சொல்வேன். கடினம் என்று பயமுறுத்துவார்கள், கடினம்தான். ஆனாலும் அரசுப் பள்ளியிலேயே மூன்று பருவங்களில் முடித்துவிடலாம். அங்கேயும் உயிரியலை விட்டுவிடக் கூடாது. குறைந்த தகுதி சராசரி 3.0 என்றாலும், அரசுப் பல்கலைக்கழக இடம் கிடைப்பது 4.0ஐத் தொட்டவர்களுக்கும் நெருங்கியவர்களுக்கும்தான். சேர்க்கைக்கான புள்ளியில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்குப் போகிறது. பள்ளி வேன் கிளம்பிவிடும் என்று மாலைப் பயிற்சியை விட்டு ஓடிவரும் பிள்ளைகள் இழப்பது இந்தப் பத்தைத்தான். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து மாலையில் ஒரு வண்டி ஏற்பாடு செய்தாலே போதும்.

வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறோம் என்று முகவர்கள் வந்தால், முன்பணம் கொடுக்கும் முன் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் உள்ள கல்லூரியே ஆனாலும், சேரும் நாளில் நுழைவுத் தகுதி இல்லாதவருக்கு இங்கே பதிவு சிக்கலாகிவிடும். ஐந்தாறு வருட உழைப்பும் வீட்டை அடகு வைத்த பணமும் அதில் மாட்டிக்கொள்ளும்.

பள்ளியில் உயிரியல் வகுப்பே இல்லையென்றால் முதல்வரைப் பாருங்கள். அங்கே முடியாதென்றால், வகுப்பு நடக்கும் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றம் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், தமிழ்ப்பள்ளியில் உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியரையும் அழைத்துப் போங்கள்.