குறித்த நாளும் நம் கடமையும்

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணலாம். எழுத்தறிவின் பயன் தேர்வோடு முடிவதன்று. மருந்துச் சீட்டில் குறித்த நாளைப் படித்து, அந்நாளில் நோயாளியைக் கொண்டு சேர்ப்பதும் கல்வியின் பயனே.

சொன்ன நாளில் வருவதில்லை என்று நம் மக்களைக் குறை கூறுவர்; சோம்பல் என்பர், அறியாமை என்பர். உண்மைக் காரணம் வேறு. திருவாலங்காட்டிலிருந்து திருவள்ளூருக்கோ திருத்தணிக்கோ சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. இரயில் நிலையமோ ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கு ஒருமுறை கடுஞ்சொல் கேட்டவர் மறுமுறை செல்லக் கூசுகிறார். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாதே என்னும் அச்சமும் உண்டு.

காசநோயை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பொதுவாக ஆறு மாத மருந்து வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் தணிகிறது, உடல் தேறுகிறது. குணமாகிவிட்டது என்று கருதி நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறும். மருந்தினால் சிறுநீர் செந்நிறமாவதைக் கண்டு அஞ்சி விடுவோரும் உளர். அந்நிறம் தீங்கன்று என்று எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தால் போதும்.

இதற்கு வழிகாட்டியது நம் சென்னையே. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் விடுதி மருத்துவமனையிலும், மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலும் ஓராண்டு மருந்துண்டனர். விடுதியில் நல்லுணவும் ஓய்வும் இருந்தன. ஆயினும் வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவர்களைப் போன்றே குணமடைந்தனர் என்று 1959இல் வெளியான முடிவு உலகுக்கு உணர்த்தியது. மையத்தினர் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. வீடு தேடிச் சென்றனர். எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். வறுமை குணமாவதற்குத் தடையன்று. தேடி வருவார் இல்லாமையே தடை என்பது இதனால் விளங்கும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தை வீட்டுக்கே கொண்டு செல்கிறது.

ஆகவே, இளைஞர்களே, நாம் செய்யத்தக்கவை சில உண்டு. தெருவுக்கு ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் பொறுப்பேற்போம். விரும்பும் நோயாளியின் நாளைக் குறித்துக்கொண்டு முதல்நாள் மாலை நினைவூட்டுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவருடன் சென்று வருவோம். வர இயலாத நாளென்றால், வராமல் இருந்துவிடாது, முன்கூட்டியே வேறு நாள் கேட்போம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைக்குமா என்று விசாரிப்போம். காசநோயாளியின் உணவுக்காக அரசு தரும் உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய், அவருடைய வங்கிக் கணக்கில் சேர்கிறதா எனப் பார்ப்போம். கழக நிதியில் வழிச்செலவுக்கு ஒரு சிறு பகுதியை ஒதுக்குவோம். பிறர் நோயை வெளியே சொல்லாமை இப்பணியின் முதல் ஒழுக்கமாக இருக்கட்டும்.

மதிப்போடு நடத்தப்படுவது சலுகையன்று, உரிமை. அதனைத் தனியொருவர் கேட்டால் செவியேறாது. கழகமாகச் சேர்ந்து மனுக் கொடுப்போம்.

பெண் கல்விக்கு முன்னோடியான சாவித்திரிபாய் பூலே, 1897இல் புனே நகரைப் பிளேக் வாட்டியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் மகனின் மருத்துவ நிலையத்துக்குச் சுமந்து சென்றார். அந்நோயாலேயே உயிர் நீத்தார். கற்பித்த கைகளே நோயாளியையும் சுமந்தன. நம்மிடம் காலம் கேட்பது அத்தகைய தியாகமன்று. மாதத்தில் ஒரு நாள் துணை நடப்பதே. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற நம் கழகம், இனி நோயாளிகளையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும்.