முதுகு முறிந்தவர் கற்பித்த பாடம்



வேகப்பந்து வீச்சுக்குத் தோள்வலிமை ஒன்றே போதுமென நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அவ்வெண்ணத்தை மாற்றுவார். பெர்த் நகரில் 1949-இல் பிறந்து, 1971-இல் டெஸ்ட் களம் கண்டவர் அவர். 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடச் சென்றபோது முதுகெலும்பில் முறிவுகள் கண்டன. வயதோ இருபத்துமூன்று! இனி அவர் வீசமாட்டார் என்றே பலரும் கருதினர். வாரக்கணக்கில் உடலில் மாவுக்கட்டு. பின்னர், உடற்பயிற்சித் துறை அறிஞர் பிராங்க் பைக்கின் துணையோடு அங்கம் அங்கமாக உடலைத் தேற்றினார். பந்து வீசும் முறையையும் திருத்திக்கொண்டார். 1974 இறுதியில் மீண்டும் டெஸ்ட் ஆட வந்தார். 1984-இல் ஓய்வு பெற்றபோது 70 ஆட்டங்களில் 355 விக்கெட்டுகள். அந்நாளில் உலகில் எவரும் அத்துணை வீழ்த்தியதில்லை.

1987-இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையம் தோன்றியபோது, பயிற்றுநராக வந்தவர் இவரே. இடுப்பு ஒருபுறமும் தோள் மறுபுறமுமாக முறுக்கி வீசினால் முதுகு கெடும் என்பதை வலியால் அறிந்தவரன்றோ! ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அங்கே பயின்றனர். வேகமாய்ப் பந்து வீசும் ஆசையோடு வந்த சிறுவன் சச்சின் டெண்டுல்கரை மட்டையாட்டத்தில் கருத்தூன்றச் சொன்னவரும் அவரே. ஆசிரியர்களாகிய நமக்கு அவருடைய விக்கெட்டுகளினும் இச்செய்தியே பெரிதாய்த் தோன்றுகிறது. 2012 வரை அங்கே கற்பித்தார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவரும் மற்றோர் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளரே: கிளென் மெக்ராத்.