பொன்னியின் செல்வனுக்கு ஏற்ற பாட்டு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதைக் காட்சிகளுக்கு இக்காலத் திரைப்பாடல்களைப் பொருத்திப் பார்ப்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். "நூலோடு சினிமாப் பாட்டைச் சேர்ப்பதா? ஈதென்ன விளையாட்டு?" என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். விளையாட்டுத்தான், ஆயினும் பயனுள்ள விளையாட்டு என்பதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

கல்கி பாட்டுக்கு அயலார் அல்லர். தமிழிசைக்காக எழுதுகோல் ஏந்திப் போராடியவர். 1945-இல் வெளிவந்த 'மீரா' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' அவர் இயற்றியதே. 1950-இல் 'கல்கி' இதழில் தொடங்கி மூன்றாண்டுக்கு மேல் தொடராக வந்த இக்கதையிலும் பாட்டு ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆழ்வார்க்கடியான் நம்மாழ்வாரைப் பாடுகிறான். சேந்தன் அமுதன் தேவாரம் பாடுகிறான். பூங்குழலி படகில் அமர்ந்து தன் நெஞ்சையே பாடுகிறாள். கதைக்குள்ளேயே இத்துணைப் பாட்டு இருக்க, நாமும் ஒரு பாட்டைக் கொண்டு சேர்ப்பது குற்றமாகுமா?

ஆனால் பொருத்தம் இன்னதென்று தெரிந்து பொருத்த வேண்டும். கதையில் நிலவு காய்கிறது, பாட்டிலும் நிலவு வருகிறது; ஆதலின் இரண்டும் பொருந்தும் என்பது சிறுபிள்ளைக் கணக்கு. பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருப்பதை எந்தப் பாட்டு சொல்லுகிறதோ, அதுவே அக்காட்சிக்குரிய பாட்டு. இவ்வொரு விதியை வைத்துக்கொண்டு சில காட்சிகளைப் பார்ப்போம்.

மணிரத்னம் அவர்கள் இக்கதையை இரு பாகங்களாகப் படமெடுத்து 2022-இலும் 2023-இலும் வெளியிட்டார். இசை ஏ. ஆர். ரகுமான். முதற்பாகத்தில் இளங்கோ கிருஷ்ணன் எழுதிய 'பொன்னி நதி' என்னும் பாட்டு வந்தியத்தேவனின் பயணத்துக்கு அமைந்தது. கதையின் தொடக்கத்தை நினைவு கூருங்கள். ஆடிப் பெருக்கு நாள். வீர நாராயண ஏரியிலே புதுவெள்ளம். கரையோரமாகக் குதிரைமேல் ஓர் இளைஞன். அவன் நாடிழந்த வாணர் குலத்தவன். சொந்தமென்று சொல்ல ஒரு காணி நிலமில்லாதவன். சோழ நாட்டின் வளத்தைக் கண்டு அவன் பொறாமைப்படவில்லை, பூரிக்கிறான். அந்தப் பூரிப்பைப் பாட்டின் குதிரை நடை காட்டுகிறது. ஆதலின் இது நற்பொருத்தம்.

அடுத்து, பூங்குழலி. கோடிக்கரைக் கடலில் அவள் பாடுவதற்கென்று கல்கியே ஒரு பாட்டு எழுதி வைத்தார். படத்தில் சிவா ஆனந்த் எழுதிய 'அலைகடல்' என்னும் வேறு பாட்டு வருகிறது. அந்தரா நந்தி பாடியிருக்கிறார். எது சிறந்தது என்று வழக்காடுவதைவிட, படப்பாட்டைக் கேட்டுவிட்டுக் கல்கியின் பாட்டைப் படிப்பது நன்று. வெளியே கடல் அடங்கியிருக்க, உள்ளே அவள் மனம் கொந்தளிப்பதைக் கல்கி எவ்வளவு எளிய சொற்களில் சொல்லியிருக்கிறார் என்பது அப்போது விளங்கும்.

படத்தில் வாராத பழம்பாட்டும் பொருந்துவதுண்டு. சுந்தர சோழர் நடக்க இயலாமல் படுக்கையில் கிடக்கிறார். இளமையில் தீவிலே கண்ட பெண்ணை மறக்க முடியாமல், அவள் ஆவி தம்மை வருத்துவதாக எண்ணி, அக்கதையை மகள் குந்தவையிடம் சொல்லுகிறார். 1963-இல் வந்த 'ஆனந்த ஜோதி'யில் கண்ணதாசன் எழுதி, பி. சுசீலா பாடிய 'நினைக்கத் தெரிந்த மனமே' என்ற பாட்டை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அது பெண் குரல், இவர் பேரரசர். ஆயினும் மறக்கத் தெரியாத மனத்துக்கு ஆணென்றும் பெண்ணென்றும் உண்டோ? அரியணையில் இருந்தவரும் நம்மைப் போன்ற மனிதரே என்பதை அப்பாட்டு உணர்த்திவிடுகிறது.

இனி, அந்தப் பெண்ணாகிய மந்தாகினி. அவள் ஊமை. அரசர்மேல் பாய வந்த வேலைத் தன் உடலில் ஏற்று உயிர் விடுகிறாள். இக்காட்சிக்கு எந்தப் பாட்டைப் பொருத்துவது? எந்தப் பாட்டும் வேண்டாம் என்பதே நம் முடிவு. வாழ்நாளெல்லாம் சொல்லில்லாமல் அன்பு செய்தவளுக்குக் கடைசியில் நாம் சொல்லைக் கடன் கொடுப்பது முறையன்று. பாட்டை நிறுத்த வேண்டிய இடத்தை அறிவதும் பொருத்தம் அறிவதேயாம்.

அன்பர்களே, இவ்வளவும் எதற்கு? 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நம் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் வண்டியேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் கைப்பேசியில் கேட்பது தமிழ்ப் பாட்டு. வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பயின்ற பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பிற மொழி கற்றது நன்றே. கன்னடம் நமக்குச் சோறிடும் மொழி. ஆயினும் செவிக்குத் தெரிந்த தாய்மொழி கண்ணுக்குத் தெரியாமற் போனால், அடுத்த தலைமுறையில் செவிக்கும் அது அயலாகிவிடும். அச்செவி திறந்திருக்கும்போதே அதன் வழியாகக் கண்ணைத் திறக்க வேண்டும். பாட்டு அதற்கு வாயில்.

இக்கதை நமக்கு அயலூர்க் கதையும் அன்று. பொன்னியின் செல்வனாகிய அருள்மொழிவர்மர் 985-இல் இராசராசராக முடி சூடினார். அவர் மகன் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கோலார் கோலாரம்மன் கோயிலில் இன்றும் உள்ளன. சோழர் ஆட்சியில் இந்நிலம் நிகரிலிசோழ மண்டலத்துக் குவளால நாடு எனப்பட்டது. சிவசமுத்திரத்தில் காவிரி வீழும் விசையிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் நம் சுரங்கங்களுக்கு வந்தது. பொன்னி மேற்கே பிறந்து கிழக்கே சென்றாள். நம் முன்னோர் கிழக்கிருந்து மேற்கே வந்தனர். அவளுடைய ஆற்றலைக் கொண்டே அவர்கள் பொன் எடுத்தனர்.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு மாலை இளைஞரைக் கூட்டுவோம். ஒரு பாட்டைக் கேட்கச் செய்வோம். அதற்குரிய காட்சியை நன்கு படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்கட்டும். "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், வாரந்தோறும் தொடர்கதை எழுதிய கல்கி கையாண்ட உபாயம் அதுவே. கேட்டவர் கையில் நூலைக் கொடுப்போம். எழுத்தறியாதவர்க்கு அன்றே 'அ' எழுதிக் காட்டுவோம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் மலிவான பதிப்புகளும் கிடைக்கின்றன.

பத்துப் பேர் பாட்டுக்கு வந்து, ஒருவர் நூலோடு வீடு திரும்பினாலும் இவ்விளையாட்டு வென்றதாகும்.