வெள்ளம் ஏறிய பழைய கார்

2024 நவம்பர் இறுதியில், பெங்கல் புயலோடு வந்த மழை யாழ்ப்பாணத்தின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. அப்படி நீர் ஏறிய பழைய காருக்கு நட்டஈடு கோருவதா, கைக்காசில் திருத்துவதா? “பழசுதானே, கோரினால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்” என்பார்கள்; கோரிக்கை இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் கட்டணக் கழிவுதான் அது. தரைவிரிப்பு மட்டும் நனைந்திருந்தால் அவர்கள் சொல்வது சரி. ஆசனம்வரை நீர் ஏறியிருந்தால் சரியில்லை. வயரிங்கிலும் கணினிப் பெட்டியிலும் புகுந்த ஈரம் மாதங்கள் கழித்தும் கோளாறு காட்டும். உவர்நீர் என்றால் துரு இன்னும் வேகம். அந்தச் செலவுக்கு முன்னால் சில வருடக் கழிவு சிறிது.

“பழசு” என்ற வாதமும் இங்கே எடுபடாது. 2020 மார்ச்சில் இலங்கையில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடையில் பழைய கார்களின் விலை ஏறிவிட்டது. சிக்கலும் அதில்தான். 40 இலட்சம் பெறும் காரை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், குறைக்காப்புறுதி நிபந்தனைப்படி 4 இலட்சச் சேதத்துக்கு 2 இலட்சமே கிடைக்கலாம். அதிலும் ஒப்பந்தப்படி நீங்கள் ஏற்கவேண்டிய பங்கு கழியும். அப்படியும் மிஞ்சும் தொகை இழக்கும் கழிவைவிடப் பெரிதென்றால் தயங்காமல் கோருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

நீர் வடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்மட்ட அடையாளத்தைப் படமெடுத்து, உடனே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அடுத்த புதுப்பித்தலில் காப்புறுதித் தொகையை இன்றைய விலைக்கு உயர்த்தி, வெள்ளம் அதில் அடங்குகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.