ஜீவசாஸ்திரப் படிப்புக்குப் பெரிய சர்வகலாசாலை வேண்டுமா?

(ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் இங்கு வந்து இறங்கியதும் ஒரு தோழர் என்னிடம் வந்தார். தன் மகளுக்கு ஜீவசாஸ்திரமும், வைத்திய சம்பந்தமான சாஸ்திரமும் படிக்க ஆசையென்றும், ஆனால் இடம் கிடைத்திருப்பது ஒரு சின்ன ஊரிலுள்ள சின்னச் சர்வகலாசாலையில் என்றும் சொல்லி, "அங்கே படித்து என்ன ஆகப் போகிறது? பேசாமல் நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாகவே சொல்லிவிடுகிறேன்.

தோழர்களே! கோயிலுக்கு ஸ்தல மகிமை பார்க்கிற புத்தியைக் கொண்டுபோய் நாம் கலாசாலைக்கும் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் சாஸ்திர ஆராய்ச்சி என்பது யார் சொன்னார், எந்த ஊரில் சொன்னார் என்பதைப் பொறுத்ததல்ல. யார் செய்து பார்த்தாலும் அப்படியே வருகிறதா என்பதைத்தான் பொறுத்தது.

ஸ்கர்வி என்றொரு வியாதி. கப்பலில் மாதக் கணக்காகப் போகிறவர்களுக்கு ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பழைய புண் எல்லாம் மறுபடி திறந்துகொண்டு சாவார்கள். கெட்ட காற்று என்றார்கள், சோம்பல் என்றார்கள். 1747-ம் வருஷம் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், நோய்கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். அப்படியிருந்தும் ஆங்கிலேயக் கப்பற்படை எலுமிச்சைச் சாற்றுக்கு உத்தரவு போட்டது 1795-ல்தான். 48 வருஷம்! கண்ணெதிரே ருஜுவானதை ஒப்புக்கொள்ளப் பெரிய இடங்களுக்கு ஆகும் காலம் இது.

அந்தப் பழத்தில் இருந்த வஸ்து எது என்பது அப்போதும் தெரியாது. ஹங்கேரி தேசத்து ஆல்பர்ட் சென்ட்ஜியார்ஜி என்பவர், 1928-ல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஒரு புது வஸ்துவைப் பிரித்தெடுத்தார். அது இன்னதென்று அவருக்கே விளங்கவில்லை. ஆகவே "எனக்குத் தெரியாது" என்று பொருள்படும்படி அதற்கு ஒரு பெயர் வைத்தார். பத்திராதிபர் ஒப்பவில்லை. பிறகு "கடவுளுக்குத்தான் தெரியும்" என்று பொருள்படும்படி வேடிக்கையாக இன்னொரு பெயர் சொன்னார். அதையும் ஒப்பவில்லை. வேடிக்கைக்குச் சொன்னாரே தவிர, கடவுளுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டு அவர் தூங்கப் போய்விடவில்லை. தெரியாததைத் தேடினார்.

எங்கே தேடினார்? தன் தேசத்துக்குத் திரும்பி, செகெட் என்ற ஊரில் தேடினார். அது தலைநகரமல்ல. அங்கிருந்த சர்வகலாசாலையோ, மகாயுத்தத்துக்குப் பின் எல்லை மாறிப்போனதால் சொந்த ஊரை இழந்து, 1921-ல் அங்கு குடியேறியது. அந்த ஊருக்கு இருந்த பெரிய பெயர் மிளகாய்க்குத்தான்! அங்கே 1932-ல் அவரும் கூட்டாளியும் அந்த வஸ்துவைச் சீமைப் பெருச்சாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதுவே ஸ்கர்வியைத் தடுக்கும் வைட்டமின் 'சி' என்று கண்டார்கள். ஆனால் மேலும் சோதிக்கக் கையில் சரக்கில்லை. ஒரு நாள் இராச் சாப்பாட்டுக்கு மனைவி வைத்த மிளகாயைத் தின்ன மனமில்லாமல், ஆராய்ச்சிசாலைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். அது நிறைய வைட்டமின் இருந்தது! சில வாரங்களில் ஒரு கிலோவுக்கு மேல் எடுத்து, மற்ற தேசத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கும் சோதித்துப் பார்க்க அனுப்பினார். 1937-ல் நோபல் பரிசு வந்தது. கேம்பிரிட்ஜின் பெருமையால் கிடைக்காத சரக்கு, செகெட் சந்தைக் கூடையில் கிடைத்தது.

இன்னொன்றும் கேளுங்கள். 1955-ல் அதே தேசத்தில் ஒரு கசாப்புக்காரருக்கு மகளாகப் பிறந்தவர் கட்டலின் கரிகோ. வீட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது. தகப்பனார் பன்றியை அறுக்கும்போது, உள்ளே இருக்கும் உறுப்புகளை வேடிக்கை பார்த்து நிற்பாராம். நம் சாஸ்திரிகள் இருந்திருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் தீட்டுச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அதுவே முதல் பாடம். அவர் செகெட்டிலேயே ஜீவசாஸ்திரம் படித்து 1978-ல் பட்டமும், 1982-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவர் ஆராய்ந்தது என்ன? ரிஜிஸ்டர் ஆபீசில் அசலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் வெளியே கொடுக்கிறார்கள் அல்லவா? அதுபோல நம் உடம்பின் ஒவ்வொரு அணுவறையிலும் அசல் உள்ளே இருக்க, ஆர்.என்.ஏ. என்ற நகல் வெளியே வந்து, இன்ன புரதம் செய் என்று உத்தரவு கொடுக்கிறது. அந்த நகலை நாமே எழுதி உடம்புக்குள் அனுப்பினாலென்ன என்பது கேள்வி. அனுப்பினால் உடம்பு அதை எதிரியென்று எண்ணிக் கொதிக்கிறது. கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் நகலிலுள்ள ஓர் எழுத்தைச் சற்று மாற்றினார்கள், கொதிப்பு அடங்கிற்று. 2005-ல் இதை வெளியிட்டபோது கவனித்தவர் சிலரே. 2020-ல் கொரோனா வந்தபோது அந்த வழியிலும் தடுப்பூசி செய்தார்கள். 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

சின்ன இடத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பணமில்லாமல் 1985-ல் கரிகோ ஊரைவிட்டு அமெரிக்கா போக நேர்ந்தது. கார் விற்ற பணத்தைக் குழந்தையின் கரடிப் பொம்மைக்குள் தைத்து எடுத்துப்போனார். அமெரிக்காவிலுள்ள பெரிய இடத்திலும், 1995-ல் அவர் வேலை கீழே இறக்கப்பட்டது. ஆகவே சின்னதில் பணக் கஷ்டம். பெரியதில் மதியாத கஷ்டம். இரண்டிலும் அவரைக் காப்பாற்றியது அவர் கற்ற வேலையே.

ஆகையால் அந்தத் தோழருக்கு நான் சொல்வது இதுதான். கட்டடம் எத்தனை மாடி என்று பார்க்காதீர்கள். பூதக்கண்ணாடியை உங்கள் மகள் தன் கையால் தொட விடுவார்களா, அல்லது பீரோவில் பூட்டிவைத்துப் படத்தைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் உபாத்தியாயர் கோபிப்பாரா, பதில் சொல்வாரா என்று விசாரியுங்கள். முக்கியமாக, தெரியாததைத் "தெரியாது, வா பார்ப்போம்" என்று சொல்லும் யோக்கியதை உள்ளவர் ஒருவராவது அங்கு இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால், அது எவ்வளவு பெரிய சர்வகலாசாலையானாலும் இன்னொரு மடந்தான்.

நான் மேடையில் சொன்னேன் என்பதற்காக இதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யுங்கள். ஆனால் பார்க்காமலே "நிறுத்திவிடலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.